நெப்போட்டிசமா, ஃபேவரிட்டிசமா?

இரண்டையும் ‘பாரபட்சம்’ என்றே எழுதிவிடுகிறோம். எதை எங்கே போடுவது?

யாருக்கு: ஃபேவரிட்டிசம், பிடித்தவர் எவருக்கும். நெப்போட்டிசம், பெரும்பாலும் சொந்தக்காரருக்கு.

எங்கே: முன்னது வீடு, வகுப்பறை, அலுவலகம் என எங்கும். பின்னது வேலை, பதவி என்று வரும்போது.

பிறப்பு: ஃபேவரிட்டிசம் ‘ஃபேவரிட்’டின் பிள்ளை, அவ்வளவுதான். நெப்போட்டிசத்துக்குக் கதை உண்டு. இத்தாலியத்தில் ‘நிப்போத்தே’ என்றால் உடன்பிறந்தார் மகன். போப்புகள் தங்கள் உடன்பிறந்தார் மகன்களைக் கர்தினால்களாக்கிய (போப்புக்கு அடுத்த உயர் பதவி) வழக்கத்தில் பிறந்த சொல் இது. (சில ‘உடன்பிறந்தார் மகன்கள்’ போப்புகளின் சொந்த மகன்களே என்ற பேச்சும் உண்டு!) 1692இல் போப் பன்னிரண்டாம் இன்னசென்ட் அதற்குத் தடை போட்டார்.

மேலாளரின் தம்பிக்கு நேர்காணலே இல்லாமல் வேலையா? நெப்போட்டிசம். டீச்சர் எப்போதும் ஒரே பையனையே மெச்சுகிறாரா? ஃபேவரிட்டிசம். இதற்கு ‘ஓரவஞ்சனை’யே எனக்குப் பிடிக்கும்.