ஊசிக்கு முன் எடுத்த ரத்தம்

வெளிநாட்டிலிருந்து ஒரு மாத விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். மூன்றாவது வாரம் காய்ச்சல் பிடித்தது. அதற்கப்புறம் பதினொரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டில், திரும்பும் டிக்கெட் தள்ளிப்போனது. டைபாய்டு.

தடுப்பூசி போடாமல் கிளம்பியது என் தவறு. பிறந்து வளர்ந்த மண், நமக்கென்ன ஆகும் என்ற நினைப்பு. சுற்றுலா போகிறவர்களைவிட, சொந்தபந்தங்களைப் பார்க்கப் போகும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் டைபாய்டு அதிகம் வருகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஓர் ஊசி போட்டிருக்கலாம். அது முழுப் பாதுகாப்பு தராது, தண்ணீரிலும் சாப்பாட்டிலும் கவனம் வேண்டும்தான். ஆனாலும் போட்டிருக்கலாம்.

முதல் மூன்று நாள் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் இருந்தேன். தலைவலி, உடம்பு அடித்துப்போட்டதுபோல் அசதி. ஒவ்வொரு மாலையும் சூடு முந்தைய நாளைவிடக் கொஞ்சம் ஏறியது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் விடால் பரிசோதனை மட்டும் செய்து, 'பாசிட்டிவ்' என்று சொல்லி, சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று நாள் விழுங்கியும் பலனில்லை. விடால் 1896-லிருந்து இருக்கிற பழைய பரிசோதனை. கிருமியைக் காட்டாது, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் காட்டும். முன்பு எப்போதோ வந்துபோன தொற்றுக்கும் பாசிட்டிவ் வரலாம். நோயின் தொடக்கத்தில் உண்மையான டைபாய்டையே தவறவிடவும் செய்யலாம்.

ஏழாம் நாள் அக்கா என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். சூடு நூற்றுநான்கு, நாடித்துடிப்பு எண்பத்துநான்குதான். அவ்வளவு காய்ச்சலுக்கு நாடி இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்று டாக்டரம்மா மறுபடி எண்ணிப் பார்த்தார். அப்புறம் சிஸ்டரிடம், "முதல்ல கல்ச்சருக்கு ரத்தம் எடுங்க, அதுக்கப்புறம் ஊசி" என்றார். ரத்தத்தில் கிருமி இருந்தால் அதை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் பரிசோதனைதான் கல்ச்சர். இரண்டு கைகளிலும் தனித்தனியாக எடுத்தார்கள். பெரியவர்களுக்கு அளவு குறைந்தால் கிருமி அகப்படாமல் போகலாமாம். அக்கா பதறினாள்: "ஊசியை முதல்ல போடுங்களேன்மா." "பத்து நிமிஷம் பொறுங்க. இந்த ரத்தம்தான் நமக்கு வழி காட்டும்" என்றார் டாக்டரம்மா. அந்தப் பத்து நிமிஷத்துக்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

ரத்தம் எடுத்த மூன்றாம் நாள் முடிவு வந்தது. சால்மொனெல்லா டைஃபி, அதாவது டைபாய்டு கிருமி. நான் விழுங்கிய சிப்ரோஃபிளாக்சசினுக்கு அது அடங்காத வகை, எனக்கு ஊசியில் போட்ட செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்கும் வகை. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த ஊசி சரியானதுதான் என்று உறுதியானது. முடிவு வேறு மாதிரி வந்திருந்தால் அன்றே மருந்தை மாற்றியிருப்பார்கள். கல்ச்சர் எடுத்த எல்லாருக்கும் கிருமி வளர்ந்துவிடாது. டைபாய்டு நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான் ரத்தத்தில் பிடிபடும். எனக்குப் பிடிபட்டது அதிர்ஷ்டம்.

சரியான ஊசி போட்டும் நான்கு நாள் காய்ச்சல் இறங்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. இரவுப் பணியில் இருந்த சிஸ்டர், "டைபாய்டு அப்படித்தாங்கண்ணா, மருந்து கேட்டாலும் நாலஞ்சு நாள் ஆகும்" என்று சொன்ன பிறகுதான் தூங்கினேன். ஐந்தாம் நாள் மாலை சூடு நூறைத் தாண்டவில்லை.

பெரியவர்களுக்கு வயிற்றுப்போக்கைவிட மலச்சிக்கல் வருவதும் சகஜம். எனக்கு வந்தது அதுதான். பேதி மருந்து கேட்டேன். கொடுக்க மறுத்துவிட்டார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண் இருக்கலாம், நோயின் மூன்றாவது வாரத்தில் அது ஓட்டையாகிவிடும் ஆபத்து உண்டு, குடலைத் தூண்டக் கூடாது என்று டாக்டரம்மா விளக்கினார். ஒவ்வொரு ஷிஃப்டிலும் யாராவது வந்து வயிற்றை அழுத்தி வலிக்கிறதா என்று கேட்டார்கள். முதலில் சலிப்பாக இருந்தது. காரணம் தெரிந்தபின், கேட்க மறந்தவர்களிடம் நானே வயிற்றைக் காட்டினேன்.

மீதி மூன்று ஊசியை வெளிநோயாளியாகப் போய்ப் போட்டுக்கொண்டேன், மொத்தம் பதினான்கு நாள். டிஸ்சார்ஜ் தாள்களில் கல்ச்சர் ரிப்போர்ட்டைத் தனியாகப் பிரதி எடுத்து, பாஸ்போர்ட்டோடு வைக்கச் சொன்னார்கள். குணமான இரண்டு மூன்று வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல் திரும்பி வரும், வந்தால் எந்த நாட்டு டாக்டரும் முதலில் கேட்பது இதைத்தான் என்றார்கள். இங்கே வந்ததும் என் டாக்டர் மற்றத் தாள்களைப் புரட்டிவிட்டு அதைத்தான் நின்று படித்தார். அடுத்த பயணத்துக்கு முன் தடுப்பூசி போட்டுக்கொள்ளவும் சொன்னார், ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது என்பதில்லை.

காய்ச்சல் விட்டாலும் சிலரது பித்தப்பையில் கிருமி தங்கி, மலத்தில் வந்துகொண்டே இருக்குமாம். அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது, மற்றவர்களுக்குப் பரவும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதால் மலப் பரிசோதனை முடியும்வரை நான் சமைக்கவில்லை. வெவ்வேறு நாட்களில் மூன்று முறை கொடுத்தேன். மூன்றிலும் கிருமி இல்லை என்று போன வியாழன் தகவல் வந்தது. அன்று இரவு பிள்ளைகளுக்கு நானே சமைத்தேன்.