பழைய ஏ.எம்.4 கணினியில் ரைசன் 5 5600, ஆர்.டி.எக்ஸ். 3060: ஒரு மதிப்பீடு

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் ஸ்டுடியோவில் திருமண வீடியோ எடிட்டிங் முழுவதும் 2017-இல் வாங்கிய ஒரே கணினியில்தான் நடக்கிறது. ஏ.எம்.4 சாக்கெட் (ஏ.எம்.டி.யின் ரைசன் பிராசசர் உட்காரும் இடம்) உள்ள பி350 மதர்போர்டு, நான்கு கோர் கொண்ட ரைசன் 5 1400, 4 ஜி.பி. ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கார்டு என்ற அந்த அமைப்பு, 4கே காட்சிகள் வழக்கமான பின் திணறத் தொடங்கியது. புதுக் கணினி வாங்காமல், பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் வண்ணார்பேட்டையில் ஒரு சிறு கடையில் மாற்றிக்கொண்டோம். ஏ.எம்.4 போர்டு வைத்திருப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

2022-இல் வெளிவந்த ரைசன் 5 5600, 6 கோர், 12 திரெட், 32 எம்.பி. எல்3 கேச் கொண்டது. இவ்வளவுக்கும் அதன் டி.டி.பி. (வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் அளவு) பழைய 1400-ஐப் போலவே 65 வாட்தான். ஆனால் தொடக்கத்தில் பி350 போர்டுகள் இந்த 5000 வரிசையை ஏற்கவில்லை. 2022-இல் வந்த பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுகளுக்குப் பிறகே அது சாத்தியமாயிற்று. அதனால் பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்தாக வேண்டும். கடைக்காரர், "அண்ணாச்சி, மொதல்ல பயாஸ், பெறகுதான் பிராசசர்" என்று சொல்லி, எங்கள் போர்டின் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் சரிபார்த்த பின்னரே பெட்டியைப் பிரித்தார்.

பிராசசரின் மேல் உள்ள ஹீட்சிங்கை (சூடு தணிக்கும் உலோகப் பாகம்) அவர் கழற்றிய விதம் குறிப்பிடத்தக்கது. ஏ.எம்.4-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருப்பதால், இரண்டுக்கும் இடையில் வெப்பம் கடத்தத் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்ட நிலையில் நேராக இழுத்தால், லாக் போட்டிருந்தாலும் பிராசசர் ஹீட்சிங்கோடு பிய்ந்து வந்து பின்கள் வளைந்துவிடும். அவர் கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகிய பின் அணைத்து, இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தளர்த்தி எடுத்தார். வேலை தெரிந்த கை என்பது அதிலேயே புலப்பட்டது.

ஆர்.டி.எக்ஸ். 3060-இல் 12 ஜி.பி., 8 ஜி.பி. என இரண்டு வகைகள் உண்டு. எடிட்டிங்குக்கு 12 ஜி.பி.யையே கேட்டு வாங்க வேண்டும், ஏனெனில் 8 ஜி.பி. கார்டில் மெமரிக்குத் தரவு போய்வரும் பாதையின் அகலமும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைகிறது. பி350-இன் பி.சி.ஐ. 3.0 ஸ்லாட்டிலும் இந்தக் கார்டு 16 லேன்களையும் (தரவுப் பாதைகள்) பயன்படுத்துவதால் இழப்பு பெரிதாக இல்லை. 4 லேன் மட்டுமே உள்ள ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. போன்ற கார்டு, விலை குறைவு என்றாலும், இத்தகைய பழைய போர்டுக்கு ஏற்றதன்று.

செலவுக் கணக்கில் பலரும் விட்டுவிடுவது மின்சாரம். 1050 டி.ஐ. 75 வாட்டுக்குள் ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 3060-க்கோ 170 வாட் தேவை, அதற்குத் தனி பவர் கேபிளும் வேண்டும். கார்டின் தயாரிப்பாளரான என்விடியா 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி) பரிந்துரைப்பதால் எங்கள் பழைய 450 வாட்டையும் மாற்றினோம். வழக்கமான 600 வி.ஏ. யூ.பி.எஸ். தருவது 360 வாட் அளவுதான். முழு லோடில் ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் அது தாங்கும் என்று நம்ப முடியாது. 1100 வி.ஏ. வாங்கிய பிறகே நிம்மதி.

சித்திரை வெயிலில் கார்டின் ஃபேன் சத்தம் கூடுகிறது, கேபினட்டின் பின்புறம் ஒரு ஃபேன் கட்டாயம். ஆனி, ஆடிக் காற்றில் நம் ஊரில் புழுதி எப்படி வரும் என்பது தெரிந்ததே. முன்பக்க வலையை அந்த மாதங்களில் அடிக்கடி தட்டித் துடைக்க வேண்டும்.

பலன் கண்கூடானது. டைம்லைன் தடங்கலின்றி நகர்கிறது. கலர் கிரேடிங் செய்துகொண்டே பார்க்க முடிகிறது. 1400-ஐ ஏற்காத விண்டோஸ் 11-ஐயும், பயாஸில் டி.பி.எம். என்ற பாதுகாப்பு வசதியை இயக்கி, இப்போது நிறுவிவிட்டோம். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்ட நிலையில் இது சிறிய ஆதாயமன்று.

குறைகளும் உண்டு. 5600-இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது; கார்டு பழுதானால் திரையே வராது என்பதால், பழைய 1050 டி.ஐ.யை விற்காமல் வைத்திருக்கிறோம். சில கேமராக்கள் பதிவுசெய்யும், நிற விவரம் கூடுதலான 4:2:2 10 பிட் காட்சிகளை 3060-இன் டிகோடர் (வீடியோவை விரித்துக் காட்டும் பகுதி) கையாளாது. அந்த வகைக் கோப்புகளுக்கு ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கான இலகுவான நகல்) உருவாக்கித்தான் எடிட் செய்கிறோம். இன்டெல் 6, 7-ஆம் தலைமுறைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி பொருந்தாது: 8-ஆம் தலைமுறைப் பிராசசர் அதே அளவு சாக்கெட்டில் உட்கார்ந்தாலும் அந்தப் போர்டுகள் அதை ஏற்பதில்லை, அவர்கள் போர்டோடு சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.