கியர் நிலை சுவிட்ச் பழுது: ஸ்கேனரா, மல்டிமீட்டரா?

லீவர் பார்க்கில் இருக்கும்போது கார் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. நியூட்ரலுக்குத் தள்ளினால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ரிவர்ஸ் விளக்கு இன்று எரிகிறது, நாளை எரிவதில்லை. டாஷ்போர்டில் கியர் எழுத்து ஓட்டத்தின் நடுவே மறைந்து மறுபடி வருகிறது. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவருக்கு இதையெல்லாம் பார்த்ததும் கியர்பாக்ஸே போய்விட்டதோ என்று வயிற்றைக் கலக்கும். ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதன் பக்கவாட்டில், லீவர் கேபிள் திருப்பும் தண்டின்மேல் உட்கார்ந்திருக்கும் கியர் நிலை சுவிட்சைத்தான். லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதும், பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் ஸ்டார்ட் ஆக விடுவதும் இதன் வேலை. மெக்கானிக்குகள் இதை நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச் என்பார்கள், இன்ஹிபிட்டர் சுவிட்ச் என்றும் சொல்வார்கள்.

என் காரில் இந்தத் தொல்லை வந்தபோது கண்டறிய இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஸ்கேனரைச் செருகிக் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிப்பது. மற்றொன்று, மின்னழுத்தமும் மின்தடையும் அளக்கும் மல்டிமீட்டருடன் சுவிட்சின் கனெக்டருக்கே போய் அளப்பது. இரண்டையும் செய்து பார்த்தேன். என் சாய்வு மல்டிமீட்டர் பக்கம்.

வெளிப்படையாகத் தெரிந்தவற்றை நீட்ட வேண்டாம். ஸ்கேனர் வேலை சில நிமிடங்களில் முடியும், கையில் அழுக்குப் படாது. மல்டிமீட்டர் விலை குறைவு. ஆனால் வயரிங் படம் வேண்டும், பல கார்களில் அடியில் புகவும் வேண்டும்.

ஸ்கேனரின் பலம் உண்மையானது. கம்ப்யூட்டர் பதிவுசெய்யும் கோளாறுக் குறியீடுகளில் பி0705 முதல் பி0709 வரையிலானவை இந்தச் சுவிட்சின் சுற்றுக்கு உரியவை. பி0705 பொதுவான கோளாறு, பி0706 சிக்னல் பொருந்தாமை, பி0707 சிக்னல் தாழ்ந்திருப்பது, பி0708 உயர்ந்திருப்பது, பி0709 விட்டுவிட்டு வரும் கோளாறு. குறியீட்டைவிடப் பயன் தருவது நேரடித் தரவுதான். இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்து, பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு நிலையாக மெதுவாக நகர்த்த வேண்டும். லீவர் ரிவர்ஸில் இருக்கும்போது திரை நியூட்ரல் என்றாலோ, இரு நிலைகளுக்கு இடையில் வெகுநேரம் வெற்றாக நின்றாலோ, சங்கதி இந்தப் பக்கம்தான் என்பது உறுதியாகிவிடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காரின் ஓபிடி (கோளாறு கண்டறியும்) சாக்கெட்டில் செருகும் மலிவான கருவிகள் பலவற்றில் இன்ஜின் தரவு மட்டும்தான் வரும், கியர்பாக்ஸ் தரவு வராது.

ஆனால் குறியீடு சொல்வது 'சுற்றில் கோளாறு' என்பது வரைதான். அந்தச் சுற்றில் சுவிட்ச் இருக்கிறது, கனெக்டர் இருக்கிறது, வயர் இருக்கிறது, கிரவுண்ட் இருக்கிறது. கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்து பச்சை பூத்தாலும், வெப்பமான குழாயில் உரசி வயர் அறுந்தாலும், சுவிட்சே தேய்ந்தாலும் அதே குறியீடு வரலாம். குறியீட்டைப் பார்த்த மாத்திரத்தில் சுவிட்சை மாற்றிவிடும் பழக்கம் பட்டறைகளில் நிறைய உண்டு. மாற்றிய பிறகும் கோளாறு தொடர்ந்தால் அடுத்து கம்ப்யூட்டர்மேல் பழி விழும். எனக்கும் ஒரு பட்டறையில் முதலில் கிடைத்த யோசனை, 'சுவிட்சை மாற்றிவிடலாம்' என்பதுதான்; கனெக்டரை யாரும் கழற்றிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

எந்தக் கருவியையும் எடுக்கும் முன் பார்க்க வேண்டியது லீவர் கேபிள். அதன் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டால், உள்ளே லீவர் பார்க்கைத் தொட்டிருக்கும். வெளியே கேபிள் இழுக்கும் கியர்பாக்ஸின் கை (தண்டைத் திருப்பும் சிறு நெம்பு) முழுத் தூரம் வந்திருக்காது. ஒருவர் உள்ளே லீவரை நகர்த்த, மற்றவர் அந்தக் கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒவ்வொரு நிலையிலும் அது 'டக்' என்று பள்ளத்தில் விழுந்து நிற்க வேண்டும். இழுபறியாக நின்றால் முதலில் கேபிளைச் சரிசெய்யுங்கள். லீவரைப் பார்க்கில் வைத்து, முன்னும் பின்னும் லேசாக அழுத்திக்கொண்டே சாவியைத் திருப்பும்போது கார் ஸ்டார்ட் ஆனால் கேபிள், சுவிட்சின் பொருத்தம், சுவிட்சுக்குள் மின்சாரத்தைக் கடத்தும் தொடர்புத் தகடு ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணம்.

இனி என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். அது மின்சுமை.

தனித்தனித் தொடர்புகள் கொண்ட பழைய வகைச் சுவிட்சில் ஒரே வேலை நடப்பதில்லை. 'இப்போது பார்க்' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் தொடர்பு ஒன்று. ஸ்டார்ட்டர் ரிலேயின் (ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்சின்) சுருளுக்கு மின்சாரம் போகும் தொடர்பு வேறொன்று. முன்னதில் ஓடுவது சில மில்லி ஆம்பியர் மட்டுமே. பின்னதில் 150 மில்லி ஆம்பியர் அளவுக்கு ஓட வேண்டும். ஸ்கேனர் பார்ப்பது முதல் தொடர்பை. எனவே திரையில் 'பார்க்' என்று தெளிவாகத் தெரியும். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் அசையாது. என் காரில் நடந்தது இதுதான். ஸ்கேனர் எல்லா நிலைகளையும் சரியாகவே காட்டியது, குறியீடு எதுவும் பதிவாகவில்லை. அதை மட்டும் நம்பியிருந்தால் பேட்டரியையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும்தான் சந்தேகித்திருப்பேன்.

மல்டிமீட்டரிலும் இதே பள்ளம் இருக்கிறது. பலரும் கனெக்டரைக் கழற்றி, மீட்டரைப் பஸர் நிலையில் வைத்து, 'பீப்' ஒலி வந்தால் தொடர்பு நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுகிறார்கள். பல மீட்டர்களில் 30, 50 ஓம் தடை இருந்தால்கூட பஸர் ஒலிக்கும். நல்ல தொடர்பில் 1 ஓமுக்கும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ரிலே சுருளின் தடை 80 ஓம், கருத்துப்போன தொடர்பின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 12.4 வோல்ட்டில் ஏறத்தாழ 4.8 வோல்ட் அந்தத் தொடர்பிலேயே தொலைந்துபோகும். சுருளுக்கு மிஞ்சுவது 7.6. பல 12 வோல்ட் ரிலேக்கள் இழுக்கத் தொடங்குவது 7, 8 வோல்ட் அருகில்தான். அதாவது, இழுக்கலாம், இழுக்காமலும் போகலாம். இன்ஜின் சூட்டில் ரிலே வெந்திருந்தால் சுருளின் தடை கூடி, அதே வோல்ட்டில் இழுப்பு இன்னும் பலவீனமாகும். காலையில் ஸ்டார்ட் ஆகும் கார் கடைக்குப் போய் நிறுத்தியபின் மறுப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே நான் நம்புவது பஸரை அல்ல, சுமை ஓடும்போது எடுக்கும் மின்னழுத்த இழப்பு அளவை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குத் தடை வைத்து, ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் மெல்லிய சிக்னல் வயரைக் கழற்றிவிட வேண்டும். அப்போதுதான் ரிலே இழுத்தாலும் இன்ஜின் சுழலாது. அடியில் கை வைத்திருக்கும் உங்களுக்கு ஆபத்தில்லை. கனெக்டரைச் செருகியபடியே, அதன் பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசிமுனைகளை உள்ளே விட்டு, ஒரு முனையை ஸ்டார்ட் தொடர்பின் உள்வரும் வயரிலும் மற்றதை வெளிச்செல்லும் வயரிலும் வைக்க வேண்டும். மீட்டர் டிசி வோல்ட்டில் இருக்கட்டும். வேறொருவர் சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பிப் பிடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் தொடர்பு நன்றாக இருக்கிறது. சில வோல்ட் காட்டினால் தொடர்பு கெட்டுவிட்டது. முழு பேட்டரி அழுத்தமும் காட்டினால் அது திறந்தே கிடக்கிறது. எதுவுமே காட்டாவிட்டால் உடனே மகிழ வேண்டாம்; உள்வரும் வயரைக் கிரவுண்டுக்கு எதிராக அளந்து, அங்கே பேட்டரி அழுத்தம் வந்து சேர்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும்.

என் காரில் நியூட்ரலில் அளவு கிட்டத்தட்டப் பூஜ்யம். பார்க்கில் நாலரை வோல்ட்டுக்கு மேல். லீவரை அழுத்தியபோது முள் இறங்கவில்லை. ஆகக் கேபிள்மீதும் பொருத்தத்தின்மீதும் பழி இல்லை. கனெக்டரின் ஊசிகள் பளிச்சென்று சுத்தமாக இருந்தன. வயரையும் பின்புறமாகவே தொட்டு அளந்ததால், கெட்டது பார்க் தொடர்புதான் என்பதில் ஐயம் எஞ்சவில்லை. சுவிட்சை மாற்றினேன். பட்டறை சொன்னதும் அதுதான், உண்மை. ஆனால் ஊகித்துச் செலவழிப்பதும் தெரிந்து செலவழிப்பதும் ஒன்றல்ல. அதே அறிகுறியுடன் வரும் அடுத்த காரில் விடை கேபிளாகவோ கனெக்டராகவோ இருக்கலாம்.

எல்லாக் கார்களுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். என் கையனுபவம் பெரும்பாலும் தொடர்புத் தகடு வகையில்தான். நிலைக்கு ஏற்ப மின்தடை மாறும் வகையையும் மீட்டரால் அளக்கலாம். லீவரை நகர்த்தும்போது தடை படிப்படியாக மாற வேண்டும். நான்கு வயர்களில் ஆன், ஆஃப் சேர்க்கைகளாக நிலையைத் தெரிவிக்கும் வகை உண்டு. அதில் நான்காவது வயர் சரிபார்ப்புக்கானது. இந்த வகையில் நான்கையும் ஒரே நேரத்தில் காட்டும் ஸ்கேனர் வசதியானது. காந்தப்புலத்தை உணரும் ஹால் வகையில் ஓம் அளவே எடுக்கக் கூடாது. உள்ளே இருப்பது மின்னணுச் சுற்று. அங்கே ஊட்டு மின்னழுத்தத்தையும் கிரவுண்டையும் மட்டும் மீட்டரால் பார்த்துவிட்டு, மீதியை ஸ்கேனரிடமே விடுவேன். சுவிட்ச் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கும் மாடல்களிலும் ஸ்கேனர்தான் முதல் கருவி. புதிய கார்கள் பலவற்றில் ஸ்டார்ட்டர் ரிலேயைக் கம்ப்யூட்டரே இயக்குவதால், நான் மேலே சொன்ன சுமைக் கணக்கு அங்கே சுவிட்சுக்குப் பொருந்தாது.

புதிய சுவிட்சைப் பொருத்தும்போது தண்டு நியூட்ரலில் இருக்க வேண்டும். சுவிட்சில் உள்ள நியூட்ரல் கோட்டுடன் தண்டின் வெட்டு நேராக வந்த பிறகே போல்ட்டை இறுக்க வேண்டும். சில மாடல்களில் கோட்டுக்குப் பதில் ஊசி நுழைக்கும் துளை இருக்கும். முடிந்ததும் திறந்த இடத்தில், பிரேக்கை முழுதாக மிதித்து, ரிவர்ஸிலும் டிரைவிலும் சாவியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டார்ட்டர் அசையவே கூடாது. அசைந்தால் பொருத்தம் தவறு. மறுபடி தளர்த்திச் சரிசெய்யும்வரை அந்தக் காரை யாரும் எடுக்க விடாதீர்கள். அவசரத்துக்கு என்று இந்தச் சுவிட்சை வயரால் இணைத்துத் தாண்டிவிடும் வேலையை யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். டிரைவில் இருக்கும் கார் சாவியைத் திருப்பியவுடன் பாய்ந்துவிடும்.