தழும்புக்கு சிலிக்கோன் ஷீட்டா, ஸ்டீராய்டு ஊசியா?

தழும்பு மேல எதைப் பூசலாம்னு கேக்குறதுக்கு முன்னாடி, உள்ள அதைக் கட்டுறது யாருன்னு பாத்துடுவோம். ஃபைப்ரோபிளாஸ்ட்னு ஒரு செல். வெட்டு விழுந்து ரெண்டு மூணு நாள்ல வந்து இறங்கி, முதல்ல அவசரத்துக்கு டைப் 3 கொலாஜனை (தோலைத் தாங்கிப் பிடிக்கிற புரதம்) இழை இழையா போடும், அப்புறம் மாசக்கணக்குல அதைக் கழட்டிட்டு கெட்டியான டைப் 1 வைக்கும். அதுலயே கொஞ்சம் மயோஃபைப்ரோபிளாஸ்ட்டா மாறி காயத்தோட விளிம்பை தசை மாதிரி இழுத்துப் பிடிக்கும். காயம் மூடினதும் இதுங்க செத்துப் போகணும், போகாம வேலையைத் தொடர்ந்தா தழும்பு தடிக்குது.

சிலிக்கோன் ஷீட் இந்த செல்லை நேரா தொடறதே இல்ல. மேல மூடி மாதிரி உக்காந்து ஈரம் போகாம பாத்துக்குது, மேல்தோல் காயலேன்னா கீழ 'இன்னும் போடு'ன்னு போற சிக்னல் குறையும்னு சொல்றாங்க. வலியே இல்ல. ஆனா நல்லா மூடின காயத்து மேல மட்டும்தான், அதுவும் தினம் 12 மணி நேரத்துக்கு மேல, ரெண்டு மூணு மாசம். முழங்கை மடிப்புல ஒட்டிப் பாருங்க, மத்தியானத்துக்குள்ள ஓரம் சுருண்டு சட்டை நூலெல்லாம் ஒட்டிட்டு நிக்கும்.

ஊசி அப்படியில்ல. ட்ரையாம்சினோலோன்ங்கற ஸ்டீராய்டு நேரா தழும்புக்குள்ளயே போய் ஃபைப்ரோபிளாஸ்ட் பெருகறதையும் கொலாஜன் போடறதையும் அடக்குது. 4-லேர்ந்து 6 வாரத்துக்கு ஒரு தடவை. முதல் ஊசி நல்லாவே வலிக்கும், தழும்பு அவ்ளோ கெட்டியா இருக்கறதால மருந்து உள்ள போகவே அடம்பிடிக்கும். அளவு மிஞ்சினா பள்ளம் விழும், சுத்தி வெளுத்துடும், கருத்த தோல்ல அது பளிச்சுனு தெரியும்.

அப்போ எது? காயம் ஆறின புதுசுல எடுத்த போட்டோ இருந்தா பக்கத்துல வச்சுப் பாருங்க. வெட்டுன கோட்டுக்குள்ளயே தடிச்சிருந்தா அது ஹைப்பர்ட்ரோஃபிக், தானாவே கொஞ்சம் அமுங்கவும் செய்யும், நான் ஷீட்ல ஆரம்பிச்சு பொறுமையா பாப்பேன். கோட்டைத் தாண்டி நல்ல தோலுக்குள்ள நண்டுக்கால் மாதிரி பரவுதா, அதுவும் காது மடல், நெஞ்சு, தோள்பட்டைன்னா கெலாய்டு, அங்க வெறும் ஷீட்டை நம்பி மாசத்தை ஓட்டாதீங்க, ஊசிதான்.

வெட்டி எடுத்துட்டா என்னன்னு கேக்குறவங்களுக்கு: ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்கு அதுவும் இன்னொரு காயம்தான். கெலாய்டை வெட்டறதோட மட்டும் விட்டா பாதிப் பேருக்கு மேல திரும்ப வருது, சில சமயம் முன்ன இருந்ததை விடப் பெருசா. அதனால வெட்டறதுக்கு முன்னாடியே அடுத்த ஊசி எப்பன்னு டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க.