ரோசன்வால்டா, கார்னகியா?

இருவருமே அமெரிக்கத் தொழிலதிபர்கள், அள்ளிக் கொடுத்தவர்கள். யார் கொடுத்த விதம் சிறந்தது என்பதுதான் கேள்வி. கார்னகி 1911-இல் நிறுவிய அறக்கட்டளை அசலைக் காத்து, அதன் வருமானத்தில் இன்றும் இயங்குகிறது. நீண்டகால ஆராய்ச்சிக்கு அந்த வழி சரி.

சியர்ஸ் என்ற சில்லறை வணிக நிறுவனத்தின் ஜூலியஸ் ரோசன்வால்டோ அசலும் செலவாகித் தீரட்டும் என்றார். அவருடைய நிதி 1917-இல் தொடங்கி 1948-இல் மூடப்பட்டது. எனக்குப் பிடித்தது இவர் வழிதான், தேவை கண்முன்னே இருந்ததால். யூதரான இவர், முதல் உலகப் போரில் தவித்த யூதர்களுக்கு 10 லட்சம் டாலர் தர முன்வந்தாலும், தன் சமூகத்தோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குச் சுமார் 5,000 பள்ளிகள் எழ உதவினார். பல ஊர்களில் மின்சாரம் கிடையாது. அதனால் வகுப்பறைகளுக்கு வரிசையாக உயரமான ஜன்னல்கள் வைத்தார்கள். கார்னகி பணத்தில் எழுந்த நூலகங்களுக்கு அந்தந்த ஊர் நிலம் தந்ததுபோல, இங்கே கறுப்பினக் குடும்பங்களும் பணம், மரம், உழைப்பு என்று முடிந்ததைக் கொடுத்தன.