பிராக் போகிறீர்களா? பணம் மாற்றிய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்

ஜெர்மனிக்கு எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர் வரும் நம்ம பசங்க, அதிலும் டிரெஸ்டன், லைப்சிக் பக்கம் இருப்பவர்கள், லீவு கிடைத்தால் முதலில் ஓடுவது செக் குடியரசின் தலைநகர் பிராகுக்குத்தான். டிரெஸ்டனிலிருந்து ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம், எல்பே ஆற்றை ஒட்டியே போகும், எல்லை எப்போது தாண்டியது என்றே தெரியாது. ஆனால் செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் இன்னும் யூரோவுக்கு மாறவில்லை. அங்கே கொருனாதான்.

பழைய நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பணம் மாற்றும் கடை. '0% கமிஷன்' என்று மஞ்சள் எழுத்து. வெளிப்பலகையில் பெரிதாகப் போட்டிருந்தது 25 சொச்சம், சரி நல்ல ரேட்தான் என்று 100 யூரோ நீட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எண்ணித் தந்தது 1,650 கொருனா. அன்றைய நிலவரம் ஒரு யூரோவுக்கு 24க்கு மேல்! கேட்டால் பலகையின் கீழ்ப்பக்கத்தைக் காட்டுகிறார்: மேலே இருப்பது அவர்கள் யூரோவை விற்கும் விலையாம், நம்மிடம் வாங்கும் விலை 16.50 என்று கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. கமிஷன் நிஜமாகவே பூஜ்யம்தான், ரேட்டிலேயே மொத்தத்தையும் உருவிவிட்ட பிறகு கமிஷன் எதற்கு?

அடுத்த அடி சதுக்கத்திலேயே. விறகு நெருப்பில் பன்றித் தொடை வாட்டுகிறார்கள், வாசனை ஊரையே இழுக்கும். பலகையில் 119 கொருனா. கூட வந்த நண்பன் ஒரு தட்டு கேட்டான், அவர்களே ஒரு பெரிய துண்டை வெட்டித் தராசில் வைத்து 464 என்றார்கள். 119 என்பது 100 கிராமுக்கு. அந்த '100 கி' எறும்பு சைஸில் இருந்தது. வெட்டுவதற்கு முன்பே எத்தனை கிராம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், வெட்டிய பிறகு பேசிப் பலனில்லை.

வயிற்றெரிச்சலில் ஹாஸ்டலில் பக்கத்து அறையில் இருக்கும் செக் பெண்ணுக்குப் பணம் மாற்றிய ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பிப் புலம்பினேன். உடனே பதில்: "ரசீதில் 11.52 என்று இருக்கிறது, 2.52க்குள் திரும்பப் போ." 2019 ஏப்ரலிலிருந்து அங்கே சட்டமே இருக்கிறதாம். 1,000 யூரோ மதிப்புக்குள் மாற்றியிருந்தால், மூன்று மணி நேரத்துக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் ரத்து செய்யலாம், அதற்குக் கட்டணமும் கிடையாது. ரசீது வேண்டும், வாங்கிய கொருனாவை அப்படியே திருப்பித் தர வேண்டும்.

கையில் அவ்வளவு இல்லையே, கறியில் போய்விட்டது. ஒரு வங்கிக் கிளையின் ஏடிஎம்மில் 1,000 கொருனா எடுத்தேன். அங்கேயும் திரை ஒரு கேள்வி கேட்கும்: உங்கள் தொகையை யூரோவில் கணக்கிடட்டுமா என்று. வேண்டாம் என்பதை அழுத்துங்கள், கொருனாவிலேயே எடுங்கள், இல்லாவிட்டால் மெஷின் சொல்லும் மட்டமான ரேட் உங்கள் தலையில் விழும். கடைகளில் கார்டு தேய்க்கும்போதும் இதே கதைதான்.

திரும்பப் போனால், பணம் மாற்றிய கடைக்காரர் முதலில் சிஸ்டம் வேலை செய்யவில்லை என்றார். அப்புறம் மேனேஜர் நாளைக்குத்தான் வருவார் என்றார். எனக்குச் சாயங்காலம் ரயில், அது அவருக்கும் தெரிந்திருக்கும். சத்தம் போடவில்லை, ரசீதைக் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, செக் தேசிய வங்கிக்குப் புகார் எழுதப் போகிறேன், அதுதான் உங்களைக் கண்காணிக்கிறது, இல்லையா என்று மட்டும் கேட்டேன். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு படிவம் வந்தது. அவ்வளவு நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. கையெழுத்து போட்டேன், 100 யூரோ திரும்ப வந்தது, முகத்தைப் பார்க்காமல்தான் கொடுத்தார்.

இதெல்லாம் கடைக்கு மட்டும். ஏடிஎம் வாசலிலோ தெருவிலோ "நல்ல ரேட் தருகிறேன்" என்று யாராவது நெருங்கினால் நிற்கவே நிற்காதீர்கள், அவர்கள் தருவது பல சமயம் செல்லாத பழைய பெலாரஸ் ரூபிள். ரசீதும் இருக்காது, மூன்று மணி நேரம் கழித்து அந்த ஆளும் இருக்கமாட்டான்.