பாதை பழுது

ஆடியில் சோளகக் காற்று வீசும், தீவுப்பகுதிக்குப் போகாதே என்று மச்சாள் சொன்னாள். டொரண்டோவில் எங்கள் இருவருக்கும் ஒன்றாக விடுமுறை கிடைத்தது ஆடியில்தான். போனோம். என் கணவர் திருச்சிக்காரர்; யாழ்ப்பாணம் அவருக்கு இதுவே முதல் தடவை.

வேலணையில் தங்கிய விடுதியை இணையத்தில் படம் பார்த்துப் பதிவு செய்திருந்தோம். ‘கடல் தெரியும் அறை’ என்று போட்டிருந்தார்கள். பொய்யில்லை. குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றால் யன்னல் வழியே ஒரு கீற்றுக் கடல் தெரிந்தது. ஏசியைப் போட்டால் விளக்கு மங்கியது. காலையில் கிடைத்த புட்டுக்கும் கணவாய்க் கறிக்குமாக அத்தனையையும் பொறுத்துக்கொண்டோம்.

வான் வண்டிக்குப் பதிலாக ஓட்டோ பிடித்தது நல்லதாயிற்று. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் வாணர் தாம்போதிச் சாலையில் இருபுறமும் கடல். காற்று ஓட்டோவை ஒரு பக்கமாகத் தள்ளியது. இடுப்பளவு நீரில் ஒருவர் சிறகுவலைக் கம்புகளுக்கிடையே நடந்துகொண்டிருந்தார். “கடலுக்குள் நடக்கிறாரே!” என்று இவர் வியந்தார். ஓட்டோக்காரத் தம்பி வண்டியை நிறுத்தி, அவர் வலையைத் தூக்கும்வரை காத்திருந்தான். அவசரப்படுத்தாத சாரதியை இங்கே கண்டதே எனக்குப் பெரிய வசதி.

குறிகட்டுவானில் நயினாதீவுப் படகு ஏறினோம். இருபது நிமிடப் பயணம்தான், ஆனால் எனக்குத் தந்த உயிர்காப்பு அங்கியில் கட்டுவதற்குக் கயிறே இல்லை. கேட்டதற்கு, “பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா” என்றார்கள். இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல. ஏறுமுன் பார்த்து வாங்குங்கள். நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு, அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் சாப்பிட்ட பிறகுதான் என் கோபம் இறங்கியது.

மறுநாள் ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குக் கடப்பதாகத் திட்டம். துறைக்குப் போனால் கூட்டமே இல்லை.

“பாதை பழுது, அண்ணை” என்றான் தம்பி.

“சாலை நன்றாகத்தானே இருக்கிறது?” என்றார் இவர்.

ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்று பெயர். அது ஓடாவிட்டால் யாழ்ப்பாணம் போய், பொன்னாலை வழியாகச் சுற்ற வேண்டும். எதிரே நீருக்கு நடுவில் கடற்கோட்டை தெரிந்தது. ஒல்லாந்தர் அதற்குப் பன்றித் தொடையின் குதிகால் என்று பெயர் வைத்தார்கள். அதைப் பார்த்தபடி சுற்றுவதா திரும்புவதா என்று நின்றோம்.

தம்பி தன் பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப் போனான். அங்கே பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, பழப்புளி. பிலாவிலையை மடித்து ஈர்க்கு குத்திக் கையில் தந்தார் பெரியம்மா. இவர் கரண்டி கேட்க வாயெடுத்தார், நான் முறைத்தேன். மூன்றாவது இலைக்கு மூக்கு ஒழுக ஒழுகக் குடித்தார். புறப்படும்போது நான் நீட்டிய பணத்தைப் பெரியம்மா திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்த முறை வரும்போது தேயிலைப் பெட்டி கொண்டுவரச் சொன்னார், கனடாத் தேயிலை! இலங்கைத் தேயிலையைத்தான் அங்கே நாங்களும் குடிக்கிறோம் என்று சொல்ல மனம் வரவில்லை.

அதற்கடுத்த நாள் காலை பாதை ஓடியது. ஏறியதும் இவர் பணப்பையை எடுத்து, டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார்.

“இதற்குக் காசு இல்லை, தம்பி. நடுவில் நில்லுங்கள், காற்று கூடுதல்” என்றார் பக்கத்தில் நின்ற முதியவர்.